கொல்லையில் ஒரு மரம்: மொரீஷியஸிலிருந்து ஒரு மஜ்ஜைச் செயலிழப்பு நிகழ்வு ஆய்வு

கரும்பலகையில் 'ழ' எழுதும்போது கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டுதான் டீச்சர் அன்றைக்கு வந்தார். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்காமல் நின்றுபோகும் நோய்க்குச் சிகிச்சை தொடங்கிப் பதின்மூன்றாவது மாதம். அதற்கு முந்தின மாதம்தான் அவருடைய இரத்த அணுக்கள் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தன. அந்த ரிப்போர்ட்டை மேசையில் வைத்துக்கொண்டு அவர் கணவரும் நானும் கைகுலுக்கியது நினைவிருக்கிறது. அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் மீண்டு வந்த மஜ்ஜையைத் திரும்பவும் தொலைக்கப் பார்த்தோம். தப்பில் பாதி என்னுடையது. பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்று டீச்சரே சொன்னதால் எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மொரீஷியஸின் வடக்கே, பாம்ப்லெமூஸ் மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இரத்தநோய் நிபுணன் அல்ல. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் கோயிலில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது, ரூபாய் நோட்டிலும் இருக்கிறது. டீச்சர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறவர். நோயைத் தமிழில் பேச ஓர் ஆள் கிடைக்குமே என்றுதான் முதலில் என்னிடம் வந்தார். அப்போது அவருக்கு வயது 41. கூடவே வரும் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் கிரியோலில் வரும். "லின் கெரி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். குணமாகிவிட்டதா என்று அர்த்தம். மூன்றரை வருஷத்துக்கும் மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டெங்கு என்று நினைத்த மூன்று வாரம்

தொடக்கம் ஒரு மார்ச் மாதம். இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு அசதி, காலில் எறும்பு கடித்ததுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். இந்தத் தீவில் கோடை மழைக்குப் பிறகு அப்படி யாராவது வந்தால் எவருக்கும் முதலில் தோன்றுவது டெங்குதான். 2006-இல் சிக்குன்குன்யா வந்து போனதிலிருந்து கொசு என்றாலே எல்லாருக்கும் பயம். ஓரிடத்தில் இரத்தம் பார்த்தார்கள், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவு என்றார்கள், ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தார்.

டெங்குவில் விழும் தட்டணு ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே எழுந்துவிடும். இங்கே மூன்று வாரமாகியும் எழவில்லை. என்னிடம் வந்தபோது டீச்சர் மாடிப்படி ஏற மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பல் தேய்த்தால் இரத்தம். மாதவிலக்கு பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை. அதை அவர் வாயால் சொல்ல வைக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹீமோகுளோபின் 6.1, வெள்ளையணு 1,700, அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெறும் 320, தட்டணு 7,000. மூன்று வகை அணுவும் ஒன்றாகச் சரிந்திருக்கும்போது டெங்குவை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. புதிதாகப் பிறக்கிற இளம் சிவப்பணுக்களை எண்ணச் சொன்னேன். ஒரு மைக்ரோ லிட்டருக்குச் சுமார் 8,000 வந்தது. இவ்வளவு இரத்தசோகையில் மஜ்ஜை மாடாய் உழைத்து இளம் அணுக்களை அள்ளி வெளியே அனுப்ப வேண்டும். அது கடையைச் சாத்தியிருந்தது.

கோயில் விரதம், புரட்டாசியில் கோவிந்தன் விரதம் என்று வருஷத்தில் பல நாள் சைவம் சாப்பிடுகிற குடும்பம் என்பதால் பி12 பார்த்தோம், சரியாக இருந்தது. ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. இல்லை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜைத் துணுக்கில் பத்து சதவீதம்கூட அணு இல்லை, மீதி எல்லாம் கொழுப்பு. புற்றணு எதுவும் இல்லை, குரோமோசோம்கள் ஒழுங்காக இருந்தன. கடுமையான ஏப்ளாஸ்டிக் அனீமியா. மஜ்ஜையில் அணு கால் பங்குக்கும் குறைவு. அதோடு நியூட்ரோஃபில் 500-க்குக் கீழ், தட்டணு 20,000-க்குக் கீழ், இளம் சிவப்பணு மிகக் குறைவு என்ற மூன்றில் இரண்டு இருந்தாலே இந்தப் பெயர் பொருந்தும். டீச்சருக்கு மூன்றும் இருந்தன.

ரத்தப் புற்றுநோய் இல்லை என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் கலைக்க வேண்டியிருந்தது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இதுவும் ஆளைக் கொல்லும் நோய்தான். கொல்வது பெரும்பாலும் கிருமித் தொற்று, இல்லாவிட்டால் இரத்தக் கசிவு.

குதிரையிலிருந்து வந்த மருந்து

இந்த நோயில் உடம்பின் டி-செல்கள், அதாவது காவலுக்கு நிற்க வேண்டிய வெள்ளையணுக்கள், மஜ்ஜையின் மூல அணுக்களையே எதிரி என்று எண்ணி அழிக்கின்றன. இது புரிந்த விதம் சுவையானது. பிரான்சில் ஜார்ஜ் மாத்தே 1970 வாக்கில், மஜ்ஜை மாற்றுவதற்கு முன்னால் நோயாளியின் தற்காப்பை அடக்க ஒரு சீரம் கொடுத்தார். வைத்த மஜ்ஜை பிடிக்கவில்லை, ஆனால் நோயாளியின் சொந்த மஜ்ஜை எழுந்து நின்றது. அப்படியானால் மஜ்ஜை செத்துவிடவில்லை, யாரோ அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

நாற்பது வயதுக்குள், உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால், மாற்று சிகிச்சைதான் முதல் தேர்வு. டீச்சருக்கு ஒரே தங்கை. ஓர் உடன்பிறப்பு பொருந்துவதற்கான வாய்ப்பே நான்கில் ஒன்று. பொருந்தவில்லை. ஆக, தற்காப்பை அடக்கும் மருந்துகள். இங்கே கிடைக்காத சிகிச்சைக்கு வெளிநாடு போக அரசு உதவித் திட்டம் இருக்கிறது; கணவரும் மனைவியும் சென்னைக்குப் போனார்கள்.

அங்கே மே மாதத்தில் நான்கு நாள் ஏடிஜி ஏற்றினார்கள். மனிதனின் டி-செல்களைக் குதிரைக்குள் செலுத்தி, அதன் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது இது. இந்தியாவிலேயே தயாராகிறது. கிலோவுக்கு 40 மில்லிகிராம், 54 கிலோ எடைக்குத் தினமும் 2,160 மில்லிகிராம். குப்பிக்கு 250 என்றால் நாளொன்றுக்கு ஒன்பது குப்பியை உடைக்க வேண்டும். முயலிலிருந்து எடுப்பதும் உண்டு. முயல் மருந்து இன்னும் வலுவானது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2011-இல் அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது ஆறு மாதத்தில் குதிரைக்கு 68 சதவீதம் பேர் தேறினார்கள், முயலுக்கு 37 சதவீதம்தான்.

கூடவே தற்காப்பைத் தொடர்ந்து அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின் காப்சூல், காலையும் இரவும் 125 மில்லிகிராம். மூன்றாவதாக எல்ட்ரோம்போபாக், தினம் 150 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு. இது மூல அணுக்களைத் தூண்டிவிடுகிற மாத்திரை. மாதவிலக்கை நிறுத்தி வைக்க ஹார்மோன் மாத்திரை. ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முழங்கால் மடக்க முடியாத வலி. குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் கோபம் அது, சீரம் நோய் என்பார்கள். ஸ்டீராய்டைக் கூட்டிக் குறைத்ததும் அடங்கியது. ஐந்தாவது வாரம் ஊர் திரும்பினார்கள். கையில் ஒரு பெட்டி மாத்திரை, ஒரு கோப்பு, பிறகு உணவு விதிகள் அச்சிட்ட ஒரு தாள். ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டு தாள் இருந்ததாம். தமிழ் டீச்சர் எதை எடுப்பார்? தமிழ்த் தாளை எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார்.

ஒன்றும் நடக்காத மாதங்கள்

ஊருக்கு வந்த பிறகுதான் கஷ்டமான பகுதி தொடங்கியது. ஏடிஜி ஏற்றிய மறுநாள் அணு ஏறாது, மறுவாரமும் ஏறாது. மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அதுவரை இரத்தத்தையும் தட்டணுவையும் ஏற்றித்தான் ஆளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை இரத்தப் பரிசோதனை. தட்டணு 10,000-க்குக் கீழே போனால் ஏற்றுவோம்.

ஜூலையில் ஓர் இரவு பதினொரு மணிக்கு 38.3 டிகிரி காய்ச்சல். நியூட்ரோஃபில் 500-ஐ ஒட்டி நிற்கும் ஒருவருக்கு 38-ஐத் தாண்டினால் விடியட்டும் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். கணவர் இருபது நிமிஷத்தில் மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார். சின்னத் தீவில் இருப்பதில் இந்த ஒரு லாபம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் இறங்கியது. இரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் கிருமி எதுவும் சிக்கவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே விதிதான் சொன்னேன்: சுடச்சுட, அன்றைக்குச் சமைத்தது. கோயில் விசேஷத்தில் வாழை இலையில் பரிமாறும் ஏழு கறியில் சூடாக இருப்பதைச் சாப்பிடலாம். அச்சார், பச்சடி, தேங்காய்ச் சட்னி வேண்டாம். பச்சையாகப் பிழிந்த எந்தச் சாறும் கூடாது, பப்பாளி இலை உட்பட. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். பழமே கூடாதா என்று கேட்டார். அணு ஏறட்டும், அப்புறம் தருகிறேன் என்றேன். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் முடிந்தபோது நியூட்ரோஃபில் 610, தட்டணுவில் அசைவே இல்லை. வேறு ஏதாவது தவறா என்று கேட்டுக்கொண்டே வந்ததில் ஒன்று அகப்பட்டது. எல்ட்ரோம்போபாக்கைக் காலை ஆறு மணிக்கு, பெரிய கோப்பை நிறையப் பால் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். இங்கே வனிலா மணக்கும் உள்ளூர் புவா ஷெரி டீ பால் இல்லாமல் இறங்காது. அந்த மாத்திரை குடலில் கால்சியத்தைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பால், தயிர், கால்சிய மாத்திரை எதுவானாலும், சாப்பிட்டு நான்கு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், அல்லது போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவு படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றினோம். இதனால்தான் தேறினார் என்று சொல்ல மாட்டேன். ஏறுகிற காலமும் அதுதான்.

பதினைந்தாவது வாரம் ஏற்றியதுதான் கடைசி இரத்தம். அதோடு 23 பை. ஆறாவது மாத முடிவில் ஹீமோகுளோபின் 9.4, நியூட்ரோஃபில் 1,500, தட்டணு 58,000. வெளி இரத்தம் வேண்டாம், கடுமை என்ற கோட்டுக்கு மேலே வந்தாயிற்று. இதைப் பகுதித் தேர்ச்சி என்பார்கள். எல்ட்ரோம்போபாக்கை நிறுத்தினோம். "லின் கெரி?" என்றார் அம்மா. "பாதி" என்றேன். பாதி என்றால் என்ன, மஜ்ஜையில் ஒரு பக்கமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளி வேல்

மகள் பிழைத்தால் தைப்பூசக் காவடியில் அலகு குத்திக்கொள்வாள் என்று அம்மா நேர்ந்திருந்தார். மகளைக் கேட்கவில்லை, முருகனிடம் நேரே பேசி முடித்துவிட்டார். நாக்கில் குத்த ஒரு சின்ன வெள்ளி வேலும் வாங்கி வைத்தாயிற்று. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதமிருந்து ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலில் நடப்பார்கள். குவாத்ர் போர்ன் மலைக்கோயில் படிகளில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது.

அது ஒன்பதாவது மாதம். தட்டணு 92,000. அம்மாவின் வாதம்: ஒரு லட்சத்துக்கு எட்டாயிரம்தானே குறைவு! என் பயம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவரின் நாக்கில் துளை என்பது கிருமிக்குத் திறந்து விட்ட வாசல். தவிர, அந்த மருந்தால் டீச்சரின் ஈறு ஏற்கெனவே வீங்கித் தடித்திருந்தது. நான் சொல்லி அம்மா கேட்கவில்லை. கோயில் குருக்கள் சொல்லித்தான் கேட்டார்: நேர்த்தியை ரத்து செய்ய முடியாது, ஆனால் தள்ளி வைக்கலாம். அந்த வருஷம் டீச்சர் கடைசித் தெருவில் மட்டும் ஒரு சின்னப் பித்தளைச் செம்பில் பால் எடுத்து நடந்தார். இரண்டு நாள் கழித்துப் பாதங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

ஜனவரியிலேயே பள்ளிக்கும் திரும்பியிருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை வந்து ஒரு வாரம் கலங்கினோம். பழைய எதிர்ப்பாற்றல் இரத்தத்தில் இருந்ததால் பிழைத்தது. உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி எதுவும் போடக் கூடாது என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது மாதம் ஹீமோகுளோபின் 11.6, நியூட்ரோஃபில் 2,300, தட்டணு 1,24,000. முழுத் தேர்ச்சி. இப்போதுதான் அந்தக் கைகுலுக்கல்.

நடுக்கம்

பதின்மூன்றாவது மாதம் கை நடுங்குகிறது என்று வந்தவருக்கு இரத்த அழுத்தம் 156/98. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8-ஆக இருந்தது 1.5 ஆகியிருந்தது. இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவைப் பார்த்தால் 438. எங்கள் இலக்கு 150-க்கும் 250-க்கும் நடுவே.

இந்த அளவை மருந்து போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக் காப்சூலைப் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். காலையில் காப்சூலை விழுங்கிவிட்டு வந்து இரத்தம் கொடுத்தால் பொய்யாக ஏறித் தெரியும். டீச்சரிடம் கேட்டேன். இரவு ஏழுக்குப் போட்டேன், காலை ஏழுக்கு ஊசி, காப்சூல் இதோ பையில் என்று எடுத்துக் காட்டினார். புதிதாக ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. "அந்தத் தாளில் போட்டிருக்கிற பழம் எதையாவது சாப்பிட்டீர்களா?" என்றேன். "ஒரு வருஷமாகத் தொடவே இல்லை, டாக்டர்" என்றார். பொய் சொல்லவில்லை. தாளை நான் வாங்கிப் பார்க்கவில்லை.

காப்சூலை இரண்டு வேளையும் 75-ஆகக் குறைத்தேன். இரண்டு வாரத்தில் அளவு 190. கிரியாட்டினின் இறங்கியது, நடுக்கம் நின்றது. அவருடைய உடம்புக்கு மருந்து இப்போது குறைவாகவே தேவைப்படுகிறது போலும் என்று எழுதி வைத்தேன். 'போலும்' என்று ஒரு மருத்துவன் கோப்பில் எழுதினால் அங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். அடுத்த பரிசோதனையை இரண்டு மாதம் கழித்து வைத்தேன். அது இன்னொரு தப்பு.

இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து வந்தார். பல் தேய்க்கும்போது மறுபடி இரத்தம். தட்டணு 51,000. நியூட்ரோஃபில் 1,100, ஹீமோகுளோபின் 10.1. இரத்தத்தில் மருந்தின் அளவு 68.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏடிஜிக்குத் தேறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பும். சைக்ளோஸ்போரினை அவசரமாகக் குறைத்தால் திரும்புவது பெரும்பாலும் அப்போதுதான். தேறிய மஜ்ஜை தானாக நிற்கிறதா, மருந்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எண்கள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்று இடித்தது. அதே 75-க்கு முதலில் 190, இப்போது 68. டீச்சர் ஒரு வேளை தவறவிட்டவர் இல்லை. அப்படியானால் மாறியது மருந்து அல்ல, வேறு ஏதோ.

கணவரைக் கூப்பிட்டு, மே மாதத்திலிருந்து இன்று வரை வீட்டுச் சாப்பாட்டில் என்ன மாறியது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஒன்றுமில்லை டாக்டர். ராத்திரி ஜூஸ் மட்டும் நின்றுவிட்டது. மரத்தில் பழம் தீர்ந்துபோயிற்று" என்றார்.

எந்த மரம்? கொல்லையில் நிற்கிற பம்பளிமாஸ்.

சைக்ளோஸ்போரின் காப்சூலை உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நெடி சகிக்காது. முழு அணுவும் வந்துவிட்டதே, பழம் தரலாம் என்று நானே சொல்லியிருந்தேன் அல்லவா? அம்மா தினமும் இரவு ஏழு மணிக்கு ஒரு பழத்தை உரித்துப் பிழிந்து, உப்பும் கொஞ்சம் மிளகாயும் போட்டு ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார். நெடி தெரியாமல் காப்சூல் இறங்கிவிடும். முதல் வருஷம் பழம் காய்த்தபோது பச்சைச் சாறே கூடாதென்று தடை இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பம்பளிமாஸில் இருக்கும் ஃபியூரனோகூமரின் என்ற பொருட்கள், குடல் சுவரில் சைக்ளோஸ்போரினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். வாசலில் நின்று பாதியைத் திருப்பி அனுப்பும் காவலாளி தூங்கிவிட்டால் எல்லாம் உள்ளே வரும். ஒரு டம்ளர் சாற்றின் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும் என்பதால் காலைக் காப்சூலும் சேர்ந்து ஏறியிருக்கிறது. நான் குறைத்த அளவு, சாற்றோடு சேர்ந்த ஓர் உடம்புக்குக் குறைத்தது. சாறு நின்றதும் அது போதவில்லை.

ஏன் தாளில் இல்லை? அன்று மாலையே கணவர் அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்தார். ஐந்தாவது வரி: 'திராட்சைப் பழம், திராட்சைப் பழச்சாறு அறவே தவிர்க்கவும்.' ஆங்கிலத்தில் கிரேப்ஃப்ரூட் என்று இருந்ததை யாரோ இரண்டாக உடைத்து, கிரேப் என்றால் திராட்சை, ஃப்ரூட் என்றால் பழம் என்று தமிழாக்கிவிட்டார்கள். டீச்சர் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு திராட்சைகூட வாயில் போடவில்லை. உலர்திராட்சை இருக்குமோ என்று பாயசத்தைக்கூட மறுத்திருக்கிறார். அந்தக் கிரேப்ஃப்ரூட்டோ, பம்பளிமாஸும் சாத்துக்குடி வகை ஆரஞ்சும் கலந்து மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த கலப்பினம். அதாவது பம்பளிமாஸின் பிள்ளை. பிள்ளையையும் தடை செய்யவில்லை, தாயையும் தடை செய்யவில்லை. சம்பந்தமே இல்லாத திராட்சை தண்டனை அனுபவித்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. நாங்கள் இருக்கும் மாவட்டத்தின் பெயரே பாம்ப்லெமூஸ். டச்சுக்காரர்களின் வழியாக வந்த சொல், நம் பம்பளிமாஸும் அதன் உறவுதான். ஒவ்வொரு நாளும் என் லெட்டர் பேடின் தலைப்பில் அந்தப் பழத்தின் பெயரை அச்சிட்டு வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே மருந்தெழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்ப ஏறியது

காப்சூலை இரண்டு வேளையும் 100 ஆக்கினோம். வாரம் ஒரு முறை அளவு பார்த்தோம், 170-க்கும் 200-க்கும் நடுவே நின்றது. சென்னையிலிருந்த நிபுணர் இன்னொரு முறை ஏடிஜி வேண்டியிருக்கலாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அந்த மூன்று மாதம் முதல் மூன்று மாதத்தைவிடக் கனமாக இருந்தது. முதலில் எங்களுக்கு எதிர்பார்ப்புதான் இருந்தது. இப்போது இழக்க ஒன்று இருந்தது. ஆறாவது வாரம் 64,000. மூன்றாவது மாதம் 97,000. அதற்கடுத்த தைப்பூசத்தின்போது 1,30,000.

நடுவில் இரும்புப் பிரச்சினை. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 23 பையில் ஏறத்தாழ 5 கிராம். சாதாரண மனித உடம்பு மொத்தமும் சேர்ந்தே 3, 4 கிராம்தான். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 2,340 இருந்தது. இரும்பை இறக்கும் மாத்திரை சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும், சைக்ளோஸ்போரினும் அதையேதான் செய்யும். அதனால் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிய பிறகு மாதம் ஒரு முறை 250 மில்லி இரத்தத்தை வெளியே எடுத்தோம். அம்மாவுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவ்வளவு பேரிடம் வாங்கி ஏற்றிய இரத்தத்தை இப்போது எடுத்துக் கொட்டுவதா? அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இருபத்தாறாவது மாதத்திலிருந்து சைக்ளோஸ்போரினைக் குறைக்கத் தொடங்கினோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாளொன்றுக்கு 25 மில்லிகிராம், அதற்குமேல் இல்லை. ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் இரண்டு வாரத்திலும் ஆறு வாரத்திலும் அணு எண்ணிக்கை. டீச்சருக்கே பொறுமை போய், ஒரே மூச்சில் நிறுத்திவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். மேலுதட்டிலும் கையிலும் வளர்ந்திருந்த முடி, வீங்கிய ஈறு, இரத்த அழுத்த மாத்திரை, எல்லாவற்றாலும் சலித்துப்போயிருந்தார். வாஸ்தவம்தான். பழைய கோப்பைப் பிரித்து, 68 என்றும் 51,000 என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை.

இப்போது மூன்று வருஷம் எட்டு மாதம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராமில் இருக்கிறார். ஹீமோகுளோபின் 12.4, நியூட்ரோஃபில் 2,600, தட்டணு 1,68,000. முதல் பரிசோதனையிலேயே சின்னதாகத் தெரிந்த பிஎன்எச் (சிவப்பணுக்கள் இரத்தத்திலேயே உடைந்துபோகும் இன்னொரு நோய்) அணுக்கூட்டம் 2 சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை அளக்கிறோம். இந்தச் சிகிச்சையில் தேறியவர்களில் பத்து வருஷத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்கு மஜ்ஜை வேறு நோயாகத் திரியக்கூடும் என்பதால் அணு எண்ணுவது வாழ்நாள் முழுக்கத் தொடரும். இதையும் அவரிடம் ஒளிக்கவில்லை.

அந்தத் தமிழ்த் தாளை டீச்சரே சிவப்பு மையில் திருத்தி, 'பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட்' என்று அடித்து எழுதி, சென்னைக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினார். அடுத்த அச்சில் மாற்றியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கொல்லையில் மரம் இன்னும் நிற்கிறது. காய்க்கும் காலத்தில் ஒரு பை நிறைய என் மருத்துவ அறைக்கு வந்துவிடும்.

போன வாரம் அம்மா வந்திருந்தார். கேள்வி அதேதான். 50 இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நேர்த்திக்கு வாங்கிய சின்ன வேலைப் பட்டுத் துணியில் சுற்றிச் சாமி அறையில் வைத்திருப்பதாகவும், வெள்ளி என்பதால் மாதம் ஒரு முறை விபூதி போட்டுத் தேய்ப்பதாகவும் சொன்னார்.